நான் நிறுத்தாத வாட்ச்

பிள்ளைகளா, நீங்கள் பிறப்பதற்கு முன்பு, கள்ளக்குறிச்சியில் மோட்டார் காயில் கட்டும் கடையில் நான் வேலை செய்த சமயம் நடந்தது இது. பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை, ஊருக்கு வெளியே கரும்புக் கொல்லையை ஒட்டிய மைதானத்தில் ஃபுட்பால் இறுதி ஆட்டம். எங்கள் டவுன் டீமும் வெள்ளிமலை டீமும் மோதின. ஜெயிப்பவர்கள் விழுப்புரத்துக்கு ஆடப் போகலாம். மலைக்காரர்கள் அதுவரை கள்ளக்குறிச்சியைத் தாண்டி ஒரு போட்டிக்கும் போனதில்லை.

மேசையில் உட்கார்ந்து ஸ்டாப்வாட்சில் நேரம் பார்ப்பது என் வேலை. இருந்தது ஒரே பந்து. கரும்புக்குள் போய்விட்டால் தேடி எடுக்க இரண்டு மூன்று நிமிடம் ஆகும். அதனால் எங்கள் மைதானத்தில் ஒரு வழக்கம் உண்டு. பந்து கரும்புக்குள் போனதும் ரெஃப்ரி கையைத் தூக்குவார், நான் வாட்சை நிறுத்துவேன். பந்து வந்ததும் ஓடவிடுவேன்.

முதல் பாதியில் மலைக்காரர்கள் ஒரு கோல் போட்டுவிட்டார்கள். அப்போது பந்து மூன்று முறை கரும்புக்குள் போனது. மூன்று முறையும் ரெஃப்ரியின் கை சட்டென்று உயர்ந்தது. இரண்டாம் பாதியில் எங்கள் ஆட்கள் இரண்டு கோல் போட்டார்கள். அதற்கப்புறம் அந்தக் கைக்கு என்ன வந்ததோ, உயரவே இல்லை! எங்கள் தடுப்பாட்டக்காரர் வேண்டுமென்றே பந்தைக் கரும்புக்குள் உதைக்கிறார். தேடப் போன எங்கள் ஆட்கள் கரும்பை ஒடித்துக் கடித்துக்கொண்டே ஆடி அசைந்து வருகிறார்கள்.

"இன்னாடா, பந்து தேடப் போனீங்களா, வெல்லம் காச்சப் போனீங்களா?" என்று கூட்டத்தில் ஒருவர் கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வாட்ச் ஓடிக்கொண்டே இருந்தது.

கடைசி நிமிடத்தில் வெள்ளிமலை கேப்டன் எல்லோரையும் தாண்டி கோலுக்கு நேரே வந்துவிட்டார். எங்கள் தடுப்பாட்டக்காரர் பின்னாலிருந்து காலை வாரிவிட்டார். மைதானமே பார்த்தது. சந்தேகமே இல்லாத பெனால்டி! நேரம் முடிந்தாலும் அந்த ஒரு உதையை உதைக்கவிட்டுத்தான் ஆட்டத்தை முடிக்க வேண்டும், அதுதான் விதி. ரெஃப்ரி விசிலை வாயில் வைத்தபடி என்னைப் பார்த்தார்.

"டைம் இன்னாப்பா ஆச்சு?"

"முடிஞ்சிடுச்சி சார்."

ஆட்டம் முடிந்தது என்று நீளமாக ஊதிவிட்டார்.

மலைக்காரர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். "கடைசி பஸ் போயிடும்பா. உங்களுக்காகத்தான் டயத்துக்கு முடிச்சேன்" என்றார் ரெஃப்ரி, கொஞ்சமும் கூசாமல்!

"நாங்க நடந்தேகூட மலை ஏறிக்குவோம் சார்" என்றார் கேப்டன். பிறகு நொண்டிக்கொண்டே என் மேசைக்கு வந்தார். "அண்ணே, மொதல்ல நின்ன வாச்சு, அப்பால மட்டும் ஏன் ஓடிக்கினே இருந்துச்சு?"

"ரெஃப்ரி கை தூக்கலயேப்பா" என்றேன்.

"பந்து கரும்புக்குள்ள போனது உங்க கண்ணுக்குத் தெரியலியாண்ணே?"

நான் குனிந்து வாட்சையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த ரெஃப்ரியை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. காலை வாரியவராவது ஆட்ட வேகத்தில் வாரினார். இவர் நின்று, யோசித்து, மணி கேட்டு வாரினார். டிவியில் ஆட்டம் முடியப்போகும்போது, கூடுதல் நிமிடம் எத்தனை என்று பலகையைத் தூக்கிக் காட்டுவார்களே, அப்போது நான் எழுந்து வெளியே போவதைப் பார்த்து ஏன் என்று கேட்பீர்கள். இதுதான் காரணம். கையைத் தூக்காதது அவர் குற்றம். ஆனால் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே வாட்சை ஓடவிட்டது என் விரல்தான், அதை யார் தலையிலும் கட்ட எனக்கு இன்றுவரை வழி தெரியவில்லை.