தனக்கோடியின் ஐந்து டியூப் ரத்தம்

கடலூர் துறைமுகத்தில் தனக்கோடி மீன் ஏலம் கூறினால் காக்கைகூட விலை கேட்டுவிட்டுத்தான் பறக்கும் என்பார்கள். கூடையைச் சுற்றி நிற்பவர்களைச் சிரிக்க வைத்தே விலையை ஏற்றுகிற வாய். ஐம்பத்தெட்டு வயதில் பக்கவாதம் வந்து படுத்தார். பேச்சு முழுதாகத் திரும்பியது, இடது கையும் முக்கால்வாசி தேறியது. ஆனாலும் துறைமுகத்துப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. டிவியைப் போட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். கேட்டால், "எனக்கென்னா, நல்லாத்தான் இருக்கேன்."

சிதம்பரத்தில் மாதச் செக்கப்புக்குப் போன ஆஸ்பத்திரியில் ஓர் ஆய்வு நடந்தது. பக்கவாதத்துக்குப் பிறகு வரும் மனச்சோர்வை ரத்தத்தில் கண்டுபிடிக்க முடியுமா என்று பார்த்தார்கள். அதில் சேரலாமே என்று மனைவி ஜோதிலட்சுமி தயங்கித் தயங்கிச் சொன்னாள். தன் ரத்தத்தில் ஒரு குறையும் இல்லையென்று நிரூபிக்கவே அவர் கையெழுத்துப் போட்டார்.

லேப் டெக்னீஷியன் வினோதினி ஐந்து டியூபை எடுத்து வைத்தாள்.

"அஞ்சா? மூணுல முடிச்சிக்க பாப்பா."

"அஞ்சும் வேணும்ங்கய்யா."

"சரி, நாலு. அதான் கடைசி."

அதற்குள் ஊசி ஏறிவிட்டது. பேரத்தில் தோற்பது அவருக்குப் புதுசு.

அடுத்து கேள்விகள். "தூக்கம் எப்படி?"

"கட்டை மாதிரி தூங்குவேன்."

பின்னால் நின்ற ஜோதிலட்சுமி இல்லையென்று தலையாட்டினாள். அவர் சட்டென்று திரும்பியபோது காதுத் தோட்டைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"எனக்குச் சோகம் இல்லன்னு ஒரு சீட்டு எழுதிக் குடு. இவகிட்ட காட்டணும்."

வினோதினிக்குச் சிரிப்பு வந்தது. "அப்படித் தர இன்னும் முடியாதுங்கய்யா. மனச்சோர்வு வர்றவங்க ரத்தத்துல சில பொருளு ஏறி எறங்குதான்னு இப்பதான் பாக்குறாங்க. நெறைய பேரைப் பாக்கணும். உங்களுக்கு எப்படி இருக்குன்னு நீங்கதான் சொல்லணும்."

"அப்ப இது ஒடம்புல வர்ற சமாச்சாரமா?"

"மூளையில அடைப்பு வந்தா மனசும் சோர்ந்து போவும். மூணு பேருல ஒருத்தருக்கு வருது. கோழைத்தனம்லாம் இல்ல."

தனக்கோடி ஊசி குத்திய இடத்துப் பஞ்சை எடுத்துப் போட்டார். அப்புறம் மெல்லச் சொன்னார்: "பாத்ரூம்ல குழாயைத் தொறந்து வுட்டுட்டு அழுவுறேம்மா. குளிக்கிறேன்னு இவ நெனச்சிக்கிறா."

"தெனம் டேங்கு காலியாவுது, எனக்குத் தெரியாதா?" என்றாள் ஜோதிலட்சுமி. அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது, கண்ணிலும் தண்ணீர் வந்துவிட்டது.

அன்றே டாக்டர் உட்கார வைத்துப் பேசினார். மாத்திரை எழுதினார், பலன் தெரியச் சில வாரம் ஆகும் என்றார். இரண்டு மாதம் கழித்துத் துறைமுகத்துக்குப் போன தனக்கோடி, முதல் ஏலத்திலேயே விலையை ஏற்றுவதற்குப் பதில் இறக்கிவிட்டார். வியாபாரிகள் கைதட்டினார்கள். "சந்தோஷப்படாதீங்கடா, மொதல்லேர்ந்து வர்றேன்" என்று மறுபடி ஆரம்பித்தார்.

ஆய்வுக்கு அடுத்த ரத்தம் கொடுக்க வந்தபோது ஜோதிலட்சுமி வினோதினியிடம் புகார் சொன்னாள். "நேத்து சங்கரா மீன் கொழம்புல புளி ஜாஸ்தின்னு தெருவே கேக்கக் கத்துனாரும்மா." முகமெல்லாம் பெருமை.

"ஜாஸ்திதான்" என்றபடி தனக்கோடி சட்டைக் கையைச் சுருட்டினார்.