கோடாங்கி முன்னால் என் ரப்பர் மூடி

எண்பதுகளின் தொடக்கம். வேப்பந்தட்டை பக்கம் ஒரு கிராமத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தேன். இரண்டாவது பிரசவத்தில் குழந்தை தங்கவில்லை. ரத்தப்போக்கில் நான் பிழைத்ததே பெரிய விஷயம். "உடம்புல ரத்தமே இல்ல. தேறுறவரைக்கும் உண்டாகக் கூடாது. லூப்பு வெச்சாலும் உனக்கு ஒத்துக்காது" என்று திருச்சியில் டாக்டரம்மா கண்டித்துச் சொல்லி, கர்ப்பப்பை வாயில் பொருத்திக்கொள்ளும் சின்ன ரப்பர் மூடி ஒன்றை அளவு பார்த்துக் கொடுத்தார். குங்குமச் சிமிழ் அளவுதான் இருக்கும். கணவரைத் தவிர யாருக்கும் தெரியாது. கழுவித் துடைத்து, காலி பவுடர் டப்பாவில் போட்டுத் துணிகளுக்கு அடியில் வைத்திருப்பேன்.

குழந்தையைப் புதைத்தது எங்கள் சோளக்கொல்லை ஓரத்தில். அந்தப் பக்கம் போனாலே சோளத்தட்டைக்குள் ஏதோ முனகுவது போலக் கேட்கும். காற்றுதான் என்று சொல்லிக்கொள்வேன்.

ஒரு நாள் உச்சிவெயிலில் கொல்லையிலிருந்து திரும்பினேன். கணவர் பருத்தி மூட்டையோடு ஆத்தூர் போயிருந்தார். வீட்டுக்குள்ளிருந்து உடுக்கைச் சத்தம். நடுக்கூடத்தில் குறி சொல்லும் கோடாங்கி ஒருவர். அவர் முன்னால் வாழையிலை. அதில் குங்குமத்துக்கு நடுவே என் ரப்பர் மூடி.

எதிரே மாமியார். துணி மடிக்கும்போது டப்பாவைத் திறந்து பார்த்து, யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று பயந்துபோய் அவரை அழைத்திருக்கிறார்.

நான் வாயைத் திறக்குமுன் உடுக்கை நின்றது. கோடாங்கி என்னைப் பார்க்காமலே சொன்னார்: "கொல்லை ஓரத்துல அழுவுறது உனக்குக் கேக்குதுல்ல?"

அதை நான் கணவரிடம்கூடச் சொன்னதில்லை.

"போன புள்ள திரும்பி வரப் பாக்குது. இதுதான் மறிக்குது. தீயில போடுங்க."

அழுதுகொண்டே டாக்டரம்மா சொன்னதையெல்லாம் மாமியாரிடம் சொன்னேன். அவர் கோடாங்கியிடம் திரும்பினார்.

"இதைத் தீயில போட்டா புள்ள வந்துடும். சரி. இவ இருப்பாளா?"

"அது ஆத்தா கையில இருக்கு."

"அன்னைக்கு இவ கெடந்த ரத்தத்தைக் கழுவுனது நானுங்க. ஆத்தா வந்து கழுவல. நீங்க போயிட்டு வாங்க."

அவர் போனதும் மாமியார் மூடியை எடுத்து என் கையில் வைத்தார். "கழுவி வெச்சுக்க. புள்ள அப்புறமா வரட்டும்" என்றார். அன்று சாயங்காலம் அவர் மட்டும் கொல்லை ஓரம் போய், ஒரு கிண்ணம் பாலை வைத்துவிட்டு வந்தார்.

உடம்பு தேறியபின் மகன் பிறந்தான். கொல்லை ஓரத்தில் எனக்குக் கேட்டது கோடாங்கிக்கு எப்படித் தெரிந்தது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. ஆனால் என்னைவிட அதிகமாக அவர் வாக்கை நம்பிய ஒருத்தி, அந்தப் பயத்தோடேயே என் உயிரின் பக்கம் நின்றாள் என்பதுதான் எனக்கு அதைவிடப் பெரிய அதிசயம்.