கம்ப்யூட்டர் என்று வாய் திறக்காதே

எங்கள் அப்பா யாரையும் நம்பமாட்டார். குறையாகச் சொல்லவில்லை. போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்கிறவர் ஒருவனை நம்பி ஏமாந்தால் கடைத்தெருவே சிரிக்கும். மலை மெட்டுக்கு மேலே எஸ்டேட்டுகளில் போய்க் காய் வாங்குவார். மூட்டையைப் பிரித்ததும் மேலாகக் கிடக்கிற பச்சைப்பசேல் காயைச் சட்டை செய்யமாட்டார். முழங்கை வரை கையை உள்ளே விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி அள்ளுவார். அதில் ஒன்றைக் கடித்துக்கொண்டே விற்கிறவன் முகத்தைப் பார்ப்பார். காயைவிட முகத்தைத்தான் அதிக நேரம் பார்ப்பார்.

அப்படிப்பட்டவரிடம் போய் நான் கம்ப்யூட்டர் படிக்கவேண்டும் என்றேன். எண்பதுகளின் நடுப்பகுதி. பிளஸ் டூவில் கணக்கில் நல்ல மார்க் வாங்கியிருந்தேன். எங்கள் தெருவில் ஒருவரும் கம்ப்யூட்டரைக் கண்ணால் கண்டதில்லை. நான் மட்டும் என்ன, வாரப் பத்திரிகையில் படம் பார்த்ததோடு சரி. கணக்குத் தெரிந்தால் அந்த எந்திரத்தை நம் சொல்படி வேலை வாங்கலாம் என்று படத்துக்குக் கீழே போட்டிருந்தது. வீட்டில் என் சொல்படி ஒரு பூனைகூட நடக்காது. அதனாலோ என்னவோ, படித்தால் அதுதான் என்று மனசில் விழுந்துவிட்டது.

அப்பா கேட்ட முதல் கேள்வி, "யாரு சொன்னா?"

"யாரும் சொல்லலப்பா. நானாத்தான்."

"யாருமே சொல்லாம ஒனக்கு எப்படித் தெரியும்? சொன்னவனுக்கு இதுல என்ன கெடைக்குது?"

எஸ்டேட்டுகளுக்கு ஜீப் ஓட்டுகிற எங்கள் மாமா, அம்மாவின் தம்பி, அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தார். "மச்சான், மதுரைக்கு அந்தாண்ட புதுசா ஒரு காலேசு தொறந்திருக்கானாம். கம்ப்யூட்டரு வரிசையா வச்சிருக்கானாம். லோடு ஏத்த வந்தவரு சொன்னாரு. பிள்ளைய வெரசாச் சேத்து விடுங்க" என்றார்.

அவர் காபி குடித்துவிட்டுப் போனதும் அப்பா ஆரம்பித்தார். "இவன் ஏன் இம்புட்டு அக்கறையாச் சொல்றான்?"

"அக்கா மகளாச்சேன்னு அக்கறை இருக்காதா?" என்றாள் அம்மா.

"பிள்ளைய ஒரு சொத்தைக் காலேசுல தள்ளி விட்டுட்டு, படிப்பு ஏறலன்னு திரும்பி வந்ததும் தன் மகனுக்குப் பொண்ணு கேக்கலாம்னு பாக்குறான்."

"எந்தம்பியச் சொன்னா நல்லா இருக்காது, ஆமா!" என்று அம்மா பாத்திரத்தை நங்கென்று வைத்தாள். அன்று ராத்திரிச் சாப்பாடு மோர்தான்.

இருந்தாலும் அந்தக் கல்லூரியைப் பார்க்கக் கிளம்பினோம். சொல்லிக்கொள்ளாமல், அதுவும் விடுமுறை நாளாகப் பார்த்து. சொல்லிவிட்டுப் போனால் நல்ல காயை மேலே போட்டு வைப்பார்களாம். முகப்புக் கட்டடம் கல்யாண மண்டபம் மாதிரி ஜொலித்தது. ஆபீஸ்காரர் ஒருவர் பல்லெல்லாம் தெரியச் சிரித்து, செருப்பைக் கழற்றச் சொல்லி, கம்ப்யூட்டர் அறைக்குள் கூட்டிப்போனார். வரிசையாக மேசைகள், ஒவ்வொன்றின் மேலும் வெள்ளைத் துணி போர்த்திய உருவம். எனக்குக் கோயிலுக்குள் நுழைந்த மாதிரி உடம்பு புல்லரித்தது. தூசி பட்டால் கெட்டுவிடும், தொடக்கூடாது என்று ஆபீஸ்காரர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அப்பா கடைசி மேசைக்குப் போய்த் துணிக்கு அடியில் கையை விட்டுவிட்டார்.

உள்ளே இருந்தது அட்டைப்பெட்டி. வெறும் அட்டைப்பெட்டி. பக்கத்துத் துணியையும் தூக்கினார். அதிலும் அட்டைப்பெட்டிதான்.

"மெஷினு மெட்ராசிலேருந்து வந்துக்கிட்டே இருக்கு சார்" என்றார் ஆபீஸ்காரர்.

"எதுல, நடந்தா வருது?" என்றார் அப்பா.

திரும்பி வருகிற வழியெல்லாம் அவருக்குப் பெருமை தாங்கவில்லை. பஸ்சில் பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாதவரிடம்கூடச் சொன்னார். எனக்கும் பெருமைதான், பொய் சொல்வானேன். அன்றைக்கு அவர் சந்தேகம் பலித்ததுதான் எனக்கு வினையாக வந்து சேர்ந்தது.

பிறகு நல்ல பேருள்ள பழைய என்ஜினியரிங் கல்லூரி ஒன்றுக்கு மட்டும் விண்ணப்பித்தோம். அங்கே கம்ப்யூட்டர் பிரிவு அப்போதுதான் தொடங்கியிருந்தார்கள். நேர்முகத்துக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. தெருவில் எங்கே கிளம்பிவிட்டீர்கள் என்று கேட்டவர்களிடம் மதுரையில் கல்யாணம் என்றோம். அதற்காக அம்மா எனக்குப் பட்டுப்பாவாடை வேறு கட்டிவிட்டாள். காலை ரயிலில் உட்கார்ந்ததும் அப்பா பாடத்தை ஆரம்பித்தார்.

எங்கள் ஊரில் காய் ஏலம் விடும் இடத்தில் ஒரு பழக்கம் உண்டு. மாதிரிக் காயைத் தட்டுத் தட்டாக வைத்திருப்பார்கள். எந்தத் தட்டு வேண்டுமோ அதை வியாபாரி பார்க்கவேமாட்டார். வேண்டாத தட்டில் கையை விட்டு அள்ளுவார், கடிப்பார், மூக்கைச் சுளிப்பார். வேண்டிய தட்டைப் போகிறபோக்கில், கல்யாண வீட்டில் மொய் எழுதுகிறவரைப் பார்ப்பதுபோல அரைக்கண்ணால் பார்த்துவிட்டுப் போவார். ஆசை முகத்தில் தெரிந்தால் போச்சு. போட்டிக்கு ஆள் வந்துவிடும், கை மாறிவிடும்.

"கம்ப்யூட்டருன்னு நீயா வாயத் தொறக்கப்படாது. என்ன வேணும்னு கேட்டா சிவிலுன்னு சொல்லு. அவங்களா எறங்கி வரட்டும்" என்றார் அப்பா.

"அவங்க சிவிலையே குடுத்துட்டா?"

"குடுக்க மாட்டாங்க ஆத்தா. வேணும்கிறத எவன் குடுத்திருக்கான்?"

அது எனக்கு நியாயமாகத்தான் பட்டது. அந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவளுக்கு வேறு எப்படிப் படும்?

அறைக்குள் முதல்வரும் ஒரு பேராசிரியை அம்மாவும் இருந்தார்கள். முதல்வர் என் மார்க்கைப் பார்த்துவிட்டு, "எந்தப் பிரிவும்மா வேணும்?" என்றார். மேசைக்கு அடியில் அப்பாவின் கால் என் காலை இடித்தது.

"சிவில் சார்."

"சிவிலா? கணக்குல இவ்வளவு வாங்கியிருக்கியே. கம்ப்யூட்டர் சயின்ஸ்ல ஒரு இடம் இருக்கு. எடுத்துக்கிறியா?"

அடேயப்பா, பலித்துவிட்டது! ஆனாலும் முதல் பேச்சுக்குத் தலையாட்டக்கூடாது. நான் அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் முகம் காய் கடிக்கிற முகமாக மாறியிருந்தது.

"அது ஏன் சார் மிச்சம் கெடக்கு?" என்றார் அப்பா.

"மிச்சம் கெடக்கலீங்க. கடைசி இடம், அவ்வளவுதான்."

"நல்ல சரக்கு கடைசி வரைக்கும் நிக்காதுங்களே."

முதல்வருக்கு ஒன்றும் புரியவில்லை. பேராசிரியை அம்மா என் பக்கம் குனிந்து, "அப்பா இருக்கட்டும். உனக்கு என்ன வேணும்னு நீ சொல்லும்மா" என்றார். எவ்வளவு இதமாகக் கேட்டார் தெரியுமா! அந்த இதம்தான் எனக்கு உறுத்தியது. இவர் ஏன் இவ்வளவு இதமாகக் கேட்கிறார்? இதில் இவருக்கு என்ன கிடைக்கிறது? வெள்ளைத் துணியும் அட்டைப்பெட்டியும் கண்ணுக்குள் வந்து நின்றன.

"சிவிலே போதும் மேடம்" என்றேன்.

சரி என்று எழுதிக்கொண்டார்கள். அவ்வளவுதான். இன்னொரு தடவை கேட்பார்கள் என்று நாங்கள் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தோம். "நீங்க போகலாம்" என்றார் முதல்வர்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். கூப்பிடுவார்கள் என்று அப்பாவுக்கு அப்போதும் நம்பிக்கை. எங்களுக்கு அடுத்துத் தன் அம்மாவோடு உள்ளே போன ஒரு பெண், போன வேகத்தில் சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள். அப்பா அவளை மறித்து என்ன கிடைத்தது என்று கேட்டார்.

"கம்ப்யூட்டர் சயின்ஸ்."

"என்ன சொன்னே? எப்படிக் கேட்டே?"

அவள் விழித்தாள். "வேணும்னு சொன்னேன். குடுத்தாங்க."

நான் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினேன். "எனக்குக் கம்ப்யூட்டர்தான் வேணும் சார்" என்று கத்தியேவிட்டேன். பேராசிரியை அம்மா பேனாவை மூடிக்கொண்டிருந்தார். "இப்பத்தானேம்மா கொடுத்தோம். அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார். அவர் முகத்தில் ஒரு சூதும் இல்லை. உண்மையான வருத்தம்தான் இருந்தது.

ரயில் நிலையத்தில் பட்டுப்பாவாடையோடு உட்கார்ந்து அழுதேன். அப்பாவைப் பார்க்கவே பிடிக்கவில்லை. அவர் டீ வாங்கிவந்து நீட்டினார், நான் வாங்கவில்லை. அந்த டீயைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு என்னிடம் கேட்டார். கிண்டலுக்கு இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"கேட்டாச் சும்மா குடுத்திருவாங்களா ஆத்தா?"

நான் எழுந்து, வந்து நின்ற ரயிலில் ஏறினேன்.

ஊருக்கு வந்ததும் கடைத்தெருவில் கேட்டவர்களிடமெல்லாம் அப்பா உள்ளதை உள்ளபடி சொன்னார். "கம்ப்யூட்டரு குடுக்கத்தான் வந்தாங்க. நாங்கதான் வேண்டாம்னுட்டோம்." வாழ்நாளில் அவர் கடைத்தெருவில் எதையும் மறைக்காமல் சொன்னது அது ஒன்றுதான். ஒருவரும் நம்பவில்லை. "கெடைக்கலன்னு சொல்ல வெக்கமா இருக்கு மனுசனுக்கு" என்று பேசிக்கொண்டார்களாம். மாமாவே வந்து சொல்லிச் சிரித்தார். அப்பா அதற்குக் கோபப்படவில்லை.

கல்லூரி திறந்த நாளில் டிரங்குப் பெட்டியோடு என்னை விடுதியில் சேர்க்க வந்தார். விடுதிப் பொறுப்பாளர் ஒரு நடுத்தர வயது அம்மாள். "மாடியில ஒரு ரூம் இருக்கு, கீழ ஒரு ரூம் இருக்கு. மாடி காத்தோட்டமா இருக்கும். எது வேணும்?" என்றார்.

அப்பா பெட்டியைக் கீழே வைத்துவிட்டு என் தோளைத் தொட்டார். "கேளு ஆத்தா. எது வேணுமோ அதக் கேட்டுரு" என்றார். குரல் கெஞ்சுவதுபோல இருந்தது.

எனக்கு மாடிதான் வேண்டும். ஜன்னலோரம் கட்டில் போட்டுக்கொள்ளலாம் என்று உள்ளே நுழையும்போதே பார்த்து வைத்திருந்தேன். ஆனால் வாய் வரவில்லை. அந்த அம்மாள் மாடியை ஏன் முதலில் சொன்னார் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.