பின் சீட்டில் இரண்டு டைரக்டர்கள்

அட்டைப்பெட்டிக் கம்பெனியின் டிரைவரை அவர் மனைவி ‘போஸ்ட்மேன்’ என்றுதான் கூப்பிடுவாள். பின்னே என்ன? முதலாளிகளும் டைரக்டர்களுமான அண்ணனும் தம்பியும் ஒருவர்மேல் ஒருவர் கேஸ் போட்டுவிட்டு, ஒரே காரில் கோர்ட்டுக்குப் போனால், நடுவில் மாட்டிக்கொண்ட மனிதருக்கு வேறு என்ன பெயர் வைப்பது!

கார் கம்பெனி பெயரில் இருந்தது. அதை விட்டுக்கொடுத்தால் கம்பெனியையே விட்டுக்கொடுத்த மாதிரி ஆகிவிடும் என்று இருவரின் வக்கீல்களும் சொல்லி வைத்திருந்தார்கள். ஆகவே இருவரும் விடாப்பிடியாகப் பின் சீட்டில் ஏறுவார்கள். ஆளுக்கொரு ஜன்னல். பேச்சு மட்டும் டிரைவர் வழியாக.

“ஜன்னலை ஏத்தச் சொல்லுப்பா அவரை,” என்பார் தம்பி.

“கொஞ்சம் காத்து வரட்டும்னு அவன்கிட்ட சொல்லு,” என்பார் அண்ணன்.

டிரைவர் ஒரு சொல் விடாமல் திருப்பிச் சொல்வார். பக்கத்தில் இருப்பவருக்குக் காது கேட்காதா என்று ஒருநாளும் கேட்டதில்லை. இரண்டு பேரையும் அவருக்குப் பிடிக்கும். அதுதான் அவருக்கு வந்த வினை.

சண்டை புது மெஷினால் வந்தது. தம்பி பேங்கில் கடன் வாங்கிப் போட்டார், ஆர்டர் வரவில்லை. உன் அவசரத்தால்தான் என்றார் அண்ணன். நீங்கள் ஆபீஸை விட்டு அசையாததால்தான் என்றார் தம்பி. வீட்டுக்குள் அடித்துக்கொண்டிருந்தால் போகிறதென்று விடலாம். கோர்ட்டுக்குப் போய்விட்டார்கள். பேங்க் சும்மா இருக்குமா? கடனை எப்படிக் கட்டப்போகிறீர்கள் என்று இருவரும் சேர்ந்து எழுதிக் கையெழுத்துப் போடாவிட்டால், கம்பெனியைத் திவாலானதாக அறிவிக்கச் சொல்லிக் கேட்போம் என்று சொல்லிவிட்டது. அன்றுதான் அதற்குக் கடைசி நாள். கோர்ட்டுக்குப் போக வண்டியில் ஏறும்போதே, “முதல்ல அந்தப் பக்கம் போடட்டும்” என்று இரண்டு பேரும் சொல்லிவிட்டார்கள். அதையும் டிரைவர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சொன்னார்.

பாதி வழியில் அவருக்கே பொறுக்கவில்லை. சிக்னலில் நின்றபோது, திரும்பிப் பார்க்காமல் கேட்டார்.

“கம்பெனியை மூடிட்டா நான் யாரோட வர்றதுன்னு சொல்லிடுங்க சார். வீட்ல கேக்கறாங்க.”

கார் மறுபடி நகர்ந்த பிறகுதான் தம்பி வாய் திறந்தார்.

“அவரோடயே போயிடுப்பா. அந்த முழங்காலை வச்சுக்கிட்டு அவரால கிளட்ச் மிதிக்க முடியாது.”

“நீ அவனோட இரு,” என்றார் அண்ணன், வெளியே பார்த்தபடி. “இருட்டினா அவனுக்குக் கண்ணு சரியாத் தெரியறதில்ல. வெளிய சொல்லிக்கவும் மாட்டான். எங்கயாவது கொண்டுபோய் மோதிடுவான்.”

டிரைவர் வழக்கப்படி திருப்பிச் சொல்ல வாயெடுத்தார். அட பாவி மனுஷங்களா என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே வண்டியை ஓரங்கட்டினார்.

“ஏன்பா நிறுத்திட்ட?” என்று இரண்டு பேரும் கேட்டார்கள்.

“நீங்களே பேசிக்குங்க சார். என்னால முடியாது.”

கடைசியில் தம்பி அண்ணன் பக்கம் திரும்பினார்.

“கண்ணு விஷயம் உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“வண்டியால வீட்டு கேட்டை இடிச்சுட்டு நாய் குறுக்க வந்துச்சுன்னு அண்ணிகிட்ட சொன்னியாமே. உன் தெருவுல ஏதுடா நாய்?”

தம்பிக்குச் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு நின்றது.

“கையெழுத்துப் போட்டா மட்டும் கம்பெனி தப்பிச்சுடுமாண்ணே?”

“தெரியலடா. போனா, ரெண்டு பேரும் சேர்ந்து போவோம்.”

டிரைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வண்டியை பேங்க் இருக்கும் பக்கம் திருப்பினார்.