தார்ப்பாய் தைத்த உபதேசியார்

எங்கள் ஊருக்கு முன்பெல்லாம் வந்த உபதேசியார்கள் பிஸ்கட் கொடுத்தார்கள், காலண்டர் கொடுத்தார்கள், போகும்போது காணிக்கையும் வாங்கிக்கொண்டு போனார்கள். அவர்களை யாரும் சந்தேகப்பட்டதில்லை. நான் நான்காம் வகுப்பு படித்த வருஷம் வந்தவர் எதையும் கொடுக்கவில்லை, எதையும் வாங்கவும் இல்லை. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

ஞாயிற்றுக்கிழமை கீழத்தெருவில் வேதக்கதை சொல்வார். மற்ற நாளெல்லாம் சைக்கிளில் கோணி ஊசியும் நைலான் நூலும் வைத்துக்கொண்டு, பாபநாசத்தைச் சுற்றியுள்ள நெல் கொள்முதல் நிலையங்களில் கிழிந்த தார்ப்பாய் தைப்பார். தைத்ததற்குக் கூலி கேட்டு வாங்குவார். கதை சொன்னதற்கு ஒரு தேங்காய் மூடி கொடுத்தால்கூட வேண்டாம் என்பார். எங்கள் வீட்டில் முருகன்தான் சாமி என்றாலும், கதை என்றால் நானும் போய் உட்கார்ந்துவிடுவேன். ஏன் எதுவும் வாங்கமாட்டேன் என்கிறீர்கள் என்று நாங்கள் கேட்டதற்கு அவர் வேதத்தில் வரும் பவுலைப் பற்றிச் சொன்னார். ஊர் ஊராகப் போய் ஆண்டவரைப் பற்றிப் பேசிய மனிதராம். பேச்சுக்காக யாரிடமும் கை நீட்டக் கூடாதென்று, கூடாரம் தைத்துத் தன் கூலியில் சாப்பிட்டாராம். எனக்குக் கூடாரம் தைக்கத் தெரியாது, தார்ப்பாய் தைக்கிறேன் என்று சொல்லிச் சிரித்தார்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் இதை ஒப்பித்தேன். சோறு பிசைந்துகொண்டிருந்த கை நின்றது. சோழியன் குடுமி சும்மா ஆடாது என்றார். அவர் கணக்கு வேறு. களத்தில் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறவனுக்கு யார் குவியல் எவ்வளவு உயரம், யார் எத்தனை நாளாகக் காத்துக் கிடக்கிறார்கள், யாருக்கு அவசரம் என்றெல்லாம் தெரியும். அடிமாட்டு விலைக்கு நெல் கேட்டு வரும் வியாபாரிக்கு இதைவிடத் தோதான ஆள் கிடைப்பானா? அந்த ஆளை நம் தார்ப்பாயைத் தொட விடக் கூடாது என்று எனக்கு உத்தரவு. அன்று முதல் நான் உளவாளி. அவர் குனிந்து நாலு நெல்லைக் கையில் எடுத்துப் பார்த்தாலே எனக்கு உடம்பெல்லாம் கண்ணாகிவிடும்.

அது குறுவை அறுவடை சமயம். குத்தகை நிலத்தில் விளைந்த எங்கள் நெல் முழுவதும் கொள்முதல் நிலையக் களத்தில் ஒன்பது நாளாகக் கிடந்தது. எங்கள் முறை வரவில்லை. நனைந்தால் முளைத்துவிடும், முளைத்தால் வாங்கமாட்டார்கள், அந்த வருஷம் எங்களுக்கு வேறு எதுவும் இல்லை. மேலே போர்த்திய தார்ப்பாயிலோ நடுவில் ஒரு முழத்துக்குக் கிழிசல். அப்பா அதன்மேல் உரச்சாக்கு ஒன்றைப் போட்டுக் கல்லை வைத்திருந்தாரே தவிர, உபதேசியாரிடம் தைக்கக் கொடுக்கவில்லை. நெல்லின்மேல் சாம்பலால் குறி போட்டு வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். யாராவது ஒரு கை அள்ளினாலும் குறி கலைந்து காட்டிக்கொடுத்துவிடும்.

பத்தாம் நாள் மத்தியானம் என்னைக் காவல் வைத்துவிட்டு அப்பா சாப்பிடப் போனார். மேற்கே மழைக் கருக்கல் கட்டியது. காற்று வந்து உரச்சாக்கைக் கொண்டுபோயிற்று. களத்தின் மறுகோடியில் தைத்துக்கொண்டிருந்த உபதேசியார் ஓடி வந்தார்.

“அப்பா எங்க பாப்பா?”

“நீங்க தொடக் கூடாது. அப்பா என்னைய அடிப்பாரு.”

அவர் வானத்தைப் பார்த்தார், கிழிசலைப் பார்த்தார். பிறகு குவியல்மேல் முழங்கால் போட்டு ஏறி, ஒரு கையைத் தார்ப்பாய்க்குக் கீழே விட்டு ஊசியை வாங்கி வாங்கி மளமளவென்று தைத்தார். முதல் தூறல் விழும்போது முடித்துவிட்டு இறங்கித் தன் இடத்துக்குப் போனார். நான் கத்தவும் இல்லை, தடுக்கவும் இல்லை.

அப்பா வந்ததும் அங்கங்கே சரிந்திருந்த நெல்லைப் பார்த்தார். தார்ப்பாயை ஓரத்திலிருந்து சுருட்டித் தள்ளினார்; கிழிசல் இருந்த இடம் சுருளுக்குள் போய்விட்டது. சாம்பல் குறி கலைந்து கிடந்தது. யார் கை வைத்தது என்று என்னைக் கேட்டார். உபதேசியாரை நோக்கி விரலை மட்டும் நீட்டினேன்.

களத்தில் இருந்தவர்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள்.

“நெல்ல நான் எடுக்கலண்ணே. தார்ப்பாயத்தான் தொட்டேன்,” என்றார் அவர்.

“யாரக் கேட்டுத் தொட்ட?”

அவர் என்னைப் பார்த்தார். கூட்டத்தில் ஒருவர், பொண்ணு இங்கேதானே இருந்தது, அதைக் கேளுங்கள் என்றார்.

“பாப்பாவ ஒண்ணும் கேக்க வேணாம்ணே. கை வச்சது நான்தான். என் பைய வேணா பாத்துக்குங்க.”

பையைத் தரையில் கொட்டினார்கள். ஊசி, நூல்கண்டு, ஒரு வேதப்புத்தகம், தயிர்சாத டப்பா. ஒரு மணி நெல் இல்லை. ஆனாலும் இனி இந்தக் களத்துப் பக்கம் வரக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். கொட்டியதை எல்லாம் அவரே குனிந்து பொறுக்கிக்கொண்டார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

தூறல் வலுத்ததும் அப்பா தார்ப்பாயை இழுத்து மூடினார். அன்று பெய்த மழையில், மேடான களம் தவிர, சாலையெல்லாம் முழங்கால் தண்ணீர். மறுநாள் அப்பா தார்ப்பாயை விலக்கினார். நெல் சொட்டு ஈரம் இல்லாமல் இருந்தது. அப்போதுதான் அந்தத் தையல் அவர் கண்ணில் பட்டது. நெருக்கமான, இரட்டைத் தையல். அதை விரலால் தடவிக்கொண்டு வெகுநேரம் நின்றார். பிறகு கீழத்தெருவுக்கு ஆள் அனுப்பினார். உபதேசியார் விடியற்காலையிலேயே நன்னிலம் பக்கம் போய்விட்டார் என்று சொன்னார்கள்.

“தச்ச கூலியக்கூட வாங்காமப் போயிருக்கான்,” என்றார் அப்பா. ஆனால் சந்தேகம் அத்தனை சுலபத்தில் மனுஷனை விட்டுப் போகுமா? கொஞ்ச நேரம் கழித்து என் பக்கம் திரும்பினார்.

“தச்சேன்னு சொல்லிட்டுப் போக வேண்டியதுதான? ஒன்னைய எதுக்குக் கேக்க வேணாம்னான்?”

“தொடாதீங்கன்னு சொல்லியும் தொட்டத நான் சொல்லிடுவேன்னு பயந்துட்டாருப்பா.”

அடிக்குப் பயந்து சொன்ன பதில் இல்லை அது. அந்த வயதில் அப்படித்தான் நான் நம்பினேன்.