பிரியாணிக் கடைத் தண்ணீர்

சில்வர் கலர் வண்டியில் அழுக்கு தெரியாது என்று சொல்லித்தான் எனக்கு அதை விற்றார்கள். அது உண்மைதான். ஒரு வாரம் கழுவாமல் விட்டாலும் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். கழுவினாலும் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள் என்பதை மட்டும் அவர்கள் சொல்லவில்லை.

திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டாண்டில் வாடகைக்குக் கார் ஓட்டுகிறேன். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. பேச்சும் ஏறக்குறைய அங்கேயே நின்றுவிட்டது. "அண்ணே, சிறுமலைக்கு வருவீங்களா?" என்று யாராவது கேட்டால் தலையை ஆட்டுவேன். மலை ஏறி இறங்கி வரும்வரை என் வாயிலிருந்து நாலு வார்த்தை வந்தால் அதிகம். மற்ற டிரைவர்கள் கூவிக் கூவிச் சவாரி பிடிப்பார்கள். நான் வண்டிக்குப் பக்கத்தில் நிற்பேன், அவ்வளவுதான். எனக்காக அது பேசிக்கொள்ளும் என்று ஒரு நினைப்பு.

அந்த நினைப்பில் மண் விழுந்தது என் தங்கை மகளின் நிச்சயதார்த்தத்தன்று.

தங்கையை நிலக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில் கொடுத்திருக்கிறோம். மல்லிகைத் தோட்டம் வைத்திருக்கிறார்கள். எங்கள் குடும்பத்தில் பெண் அழைப்பு அன்று கோயிலிலிருந்து மண்டபத்துக்குப் பெண்ணைத் தாய்மாமன் வண்டியில்தான் அழைத்து வர வேண்டும். வண்டி இல்லாத மாமன்கள் வாடகைக்குப் பிடிப்பார்கள். என்னிடம் சொந்தமாகவே ஒன்று இருக்கிறது. அதில் பேசுவதற்கு ஒன்றுமில்லை என்றுதான் இருந்தேன்.

நிச்சயம் முடிந்து எல்லோரும் வாசலில் நின்றபோது, தங்கையின் கொழுந்தன் என் வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். அவர் அப்போதுதான் ஒரு வெள்ளைக் கார் வாங்கியிருந்தார். சீட்டில் வந்த பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் கழற்றவில்லை.

"மச்சான், தப்பா நெனைக்காதீங்க. இது காரா, இல்ல அலுமினியச் சட்டிக்குச் சக்கரம் மாட்டி ஓட்டுறீங்களா?"

வாசலே சிரித்தது. நானும் சிரித்தேன். வேறென்ன செய்வது?

"பொண்ணு நம்ம வெள்ள வண்டியில வரட்டும். போட்டோவுக்கும் எடுப்பா இருக்கும்," என்றார்.

கல்யாணப் பெண் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "சித்தப்பா, நான் மாமா வண்டியிலதான் வருவேன். இல்லேன்னா மண்டபத்துக்கு நடந்தே வாரேன்."

"நடந்து வா. செருப்பு நான் வாங்கித் தாரேன்."

தங்கை இரண்டு பக்கமும் பார்த்தாள். கொழுந்தனைப் பகைத்துக்கொள்ள முடியாது. கல்யாண வேலை முழுவதையும் அவர்தான் இழுத்துப் போட்டுச் செய்கிறார். என்னையும் விட முடியாது. "அண்ணே, கல்யாணத்துக்கு முந்துன ஞாயித்துக்கெழம வண்டியக் கொண்டாந்து நிறுத்து. எல்லாரும் பாக்கட்டும். நல்லா இருந்தா உன் வண்டிதான்," என்றாள்.

கடைசியில் என் வண்டியைப் பெண் பார்க்க நாள் குறித்தாகிவிட்டது.

மறுநாளே ஆரம்பித்தேன். ஷாம்பு போட்டுக் கழுவினேன். கடையில் மெழுகு வாங்கிப் பூசினேன். என் மனைவி வாசலில் நின்று, "வெள்ளிக் குங்குமச்சிமிழுக்குத் திருநீறு போட்டுத் தேய்ப்பேன்ல, அது மாதிரி தேச்சுப் பாருங்க," என்றாள். மறைவான ஒரு மூலையில் அதையும் செய்து பார்த்தேன். கீறல் விழுந்ததுதான் மிச்சம்.

பிறகு செல்போனில் வீடியோ பார்த்தேன். அதற்குப் படிப்பு வேண்டாமே. ஒருவர் கையில் மெல்லிய பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு வண்டிமேல் தடவச் சொன்னார். தடவினேன். வெறும் கைக்கு வழவழவென்று இருந்த இடம், பைக்குள்ளிருந்து தடவும்போது ரவை கொட்டினாற்போல் நறநறத்தது. ரயில் சவாரிக்காக ஸ்டேஷன் பக்கம் நின்று நின்று சேர்ந்த இரும்புத் தூசி. அதை எடுப்பதற்கென்றே நீல நிறத்தில் ஒரு களிமண் விற்கிறார்கள். தண்ணீர் தெளித்துத் தேய்க்கத் தேய்க்க நீலம் போய்த் துருநிறம் வந்தது. எனக்கு உடம்பெல்லாம் ஒரு பரபரப்பு. இத்தனை நாளும் என் வண்டி சட்டைக்கு மேல் சட்டை போட்டுக்கொண்டு ஓடியிருக்கிறது!

பாலிஷ் போட்டேன். கழுவினேன். டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்து பார்த்தால், பானெட் முழுவதும் வெள்ளை வெள்ளையாக வட்டங்கள், ஈர டம்ளரை மேசையில் வைத்து எடுத்ததுபோல.

எங்கள் தெரு போர்வெல் தண்ணீரின் வேலை. அதில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. கறுப்பு வண்டியாக இருந்தால் அந்த உப்பு புள்ளி புள்ளியாகத் தெரிந்திருக்கும், துடைத்திருப்பேன். சில்வரில் கொஞ்ச தூரம் தள்ளி நின்றால் எல்லாம் ஒன்றாகக் கலந்து மங்கல் அடிக்கிறது. அலுமினியச் சட்டி என்று அவர் சொன்னதில் பொய்யே இல்லை. குழாயில் வரும் நல்ல தண்ணீரைக் கேட்கலாம் என்று வீட்டுக்குள் போனேன். நான் வாய் திறக்கும் முன்பே மனைவி குடத்துக்கு முன்னால் வந்து நின்றாள்.

"இதுல கைய வச்சீங்கன்னா பொண்ணு மட்டுமில்ல, நீங்களும் நடந்துதான் போகணும்."

வழி கிடைத்தது நான் எதிர்பாராத இடத்தில். ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு பிரியாணிக் கடை. அதன் பக்கவாட்டுச் சந்தில் நிழலுக்காக வண்டியை நிறுத்திவிட்டு ஒரு மதியம் கண்ணயர்ந்துவிட்டேன். எழுந்து பார்த்தால் டிக்கியின்மேல் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. அண்ணாந்து பார்த்தேன். கடையின் ஏசி ஹாலிலிருந்து வெளியே வரும் சின்னக் குழாய். வண்டியை வெயிலுக்கு எடுத்தேன். நனைந்த இடம் காய்ந்தது. வட்டம் இல்லை! உள்ளங்கை அகலத்துக்கு அந்த ஓர் இடம் மட்டும் ஆற்று மணலில் கிடக்கும் காக்காப்பொன் மாதிரி மினுமினு என்று இருந்தது. குழாயிலிருந்து சொட்டியதை விரலில் ஏந்தி நாக்கில் வைத்துப் பார்த்தேன். துளி உப்பு இல்லை.

எனக்கு அங்கேயே குதிக்க வேண்டும்போல இருந்தது. ஆனால் அந்தத் தண்ணீரைக் கேட்க வேண்டும். அதுவும் கடைக்கார பாயிடம், கல்லாவில் கூட்டம் நிற்கும்போது.

அன்று கேட்கவில்லை. உள்ளே போய் ஒரு பிரியாணி சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டேன். அடுத்த நாளும் போய்ச் சாப்பிட்டேன், வந்துவிட்டேன். அதற்கும் அடுத்த நாள் கை கழுவிவிட்டுக் கல்லாப் பக்கம் தயங்கி நின்றபோது பாயே கேட்டுவிட்டார்.

"என்னண்ணே, பீஸு சின்னதா விழுந்துருச்சா?"

"இல்ல பாய்."

"உப்பு கூடிருச்சா?"

"இல்ல பாய். ஏசித் தண்ணி... கொஞ்சம்..."

"பேட்டரிக்கா?"

"ஆமா," என்றேன். நீளமாகச் சொல்ல வேண்டியதில்லையே என்று வாயில் அது வந்துவிட்டது. பாய் ஆளை அனுப்பி ஒரு பாட்டிலில் பிடித்துக் கொடுத்தார். பேட்டரிக்கு அது தாராளம். என் வண்டிக்குக் கண்ணாடி கழுவக்கூடக் காணாது. அந்த ஒரு பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு சந்தில் நின்றபோது என்மேலேயே எனக்குக் கோபம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை நெருங்கிக்கொண்டிருந்தது. திரும்ப உள்ளே போனேன்.

"பாய், பேட்டரிக்கு இல்ல. வண்டி கழுவ. எந்தங்கச்சி மகளுக்குக் கல்யாணம். வண்டி மின்னலேன்னா புள்ளைய வேற வண்டியில ஏத்திருவாங்க."

என் வாழ்க்கையில் ஒரே மூச்சில் நான் பேசிய பெரிய பேச்சு அதுதான். பாய் கல்லாப் பெட்டியை மூடிவிட்டு எழுந்தே நின்றுவிட்டார்.

"இத மொத நாளே சொல்ல மாட்டீங்களாண்ணே! இதுக்காகவா தெனமும் பிரியாணி தின்னீங்க?" உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார். "ஏலே, ஏசியப் பதினாறுல வை! வர்ற பார்ட்டிய எல்லாம் ஏசி ஹாலுக்கே அனுப்பு!"

அன்றிலிருந்து அந்தக் குழாய்க்குக் கீழே என் கேன் நின்றது. பாய் என்னைவிட வேகமாக இருந்தார். வெளியே உட்கார நினைத்தவர்களையும் உள்ளே தள்ளினார். ஒரு பெரியவர் துண்டை எடுத்துப் போர்த்திக்கொண்டு, "யப்பா, பிரியாணி விறைச்சுப் போகுது, கொறைங்கப்பா," என்றார். "கொறைக்க முடியாது அத்தா, ஒரு கல்யாணப் பொண்ணு வெயிட்டிங்," என்றார் பாய். பெரியவருக்கு ஒன்றும் புரியவில்லை. கூட்டம் கூடக் கூட ஏசி கூடுதலாக உழைத்தது, என் கேன் நிறைந்தது. சாப்பிட வருகிறவர்களை வாசலில் நின்று எண்ணிச் சந்தோஷப்பட்டேன்.

சனிக்கிழமை வீட்டு வாசலில் கடைசி அலசல். முதலில் பாலிஷ் போட்டு உப்பு வட்டங்களை எடுத்தேன். பிறகு ஏசித் தண்ணீரை மேலிருந்து மெதுவாக ஊற்றி, மெத்தென்ற துணியால் ஒற்றி எடுத்து, மெழுகு பூசினேன். மனைவி தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா மூஞ்சிக்குப் பவுடரப் போட்டுட்டுக் கண்ணுக்கு மை வைக்காம விட்ட மாதிரி இருக்கு."

நரைத்துக் கிடந்த டயரையும், கண்ணாடியைச் சுற்றியிருக்கும் ரப்பரையும்தான் சொல்கிறாள். கறுப்புப் பூசினேன். அவள் சொன்னது எவ்வளவு சரி! கறுப்பு ஏற ஏற, தொடாத சில்வர் தானாக வெளுத்து எழும்பியது.

ஞாயிற்றுக்கிழமை கிராமத்துக்குக் கிளம்பினேன். எந்த மண் லாரியும் எனக்கு முன்னால் போகக் கூடாதே என்று வேண்டிக்கொண்டே ஓட்டினேன். ஊர் எல்லையில் நிறுத்தி, மிச்சம் வைத்திருந்த ஏசித் தண்ணீரால் தூசியை அலசித் துடைத்தேன்.

தங்கை வீட்டு வாசலில் பத்துப் பதினைந்து பேர். கொழுந்தன் கையைக் காட்டி, வேப்பமரத்து நிழலில் தன் வெள்ளை வண்டிக்குப் பக்கத்தில் என்னை நிறுத்தச் சொன்னார். நிறுத்தி இறங்கிப் பார்த்தேன். நிழலிலும் அவர் வண்டி வெள்ளையாகவே இருந்தது. என் வண்டி சாம்பல் பூத்து உட்கார்ந்திருந்தது.

"கழுவிருக்கீங்க மச்சான், தெரியுது," என்றார் அவர். "ஆனா..."

அந்த 'ஆனா'வுக்கே மருமகளின் முகம் வாடிவிட்டது. இது வெயில் பட்டால்தான் எழும்பும், கொஞ்சம் வெளியே வந்து பாருங்கள் என்று நான் சொல்ல வேண்டும். இத்தனை முகங்களுக்கு முன்னால் ஒரு சொல்லும் வரவில்லை. வண்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்தி ஸ்டார்ட் செய்தேன்.

"போச்சு, மச்சானுக்குக் கோவம் வந்துருச்சு," என்று யாரோ சொன்னார்கள். தங்கை, "அண்ணே! அண்ணே! செத்த நில்லுண்ணே!" என்று கத்திக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்தாள். நான் ரிவர்ஸ் எடுத்து, எதிரே இருந்த நெற்களத்தின் நடுவில், உச்சி வெயிலில் நிறுத்தினேன். இறங்கி ஓரமாக நின்றுகொண்டேன்.

ஓடி வந்த தங்கை அப்படியே நின்று கையை நெற்றிக்கு மேல் வைத்துக்கொண்டாள். பின்னால் வந்த கூட்டமும் நின்றது. பானெட்டில் சூரியன் உருகி வழிந்தது. அதைச் சுற்றி லட்சம் பொடி மினுக்கங்கள். ஆள் ஓரடி நகர்ந்தால் மினுக்கமும் கூடவே ஓரடி நகர்ந்தது. மருமகள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடி ஓடிப் பார்த்தாள்.

கொழுந்தன் முழுச் சுற்றுச் சுற்றி வந்தார். விரலால் தொடப் போனவர் கையை இழுத்துக்கொண்டார்.

"என்னத்தப் போட்டீங்க மச்சான்?"

"பிரியாணிக் கடைத் தண்ணி."

களமே அதிரச் சிரித்தார்கள். "அட, மச்சான் ஜோக்கெல்லாம் அடிக்கிறாரு!" என்று ஒருவர் என் முதுகில் தட்டினார். நான் சொன்னது சத்தியம். ஆனால் நான் சொல்லி ஒரு கூட்டம் சிரித்தது அதுதான் முதல் தடவை. விளக்கம் சொல்லி அதைக் கெடுக்க மனம் வரவில்லை.

"சரி, புள்ள மச்சான் வண்டியிலயே வரட்டும்," என்றார் கொழுந்தன். "நான் பின்னால வாரேன். இம்புட்டு வெளிச்சத்துக்கு எனக்கு ஹெட்லைட்டே வேணாம்."

மண்டபம் பிடித்திருந்தது திண்டுக்கல்லில்தான். பெண் அழைப்பு அன்று சாயங்காலம், மலைக்கோட்டைக்குக் கீழே உள்ள அம்மன் கோயில் வாசலில் வண்டி நின்றது. பூ அலங்காரம் செய்கிறவர் தங்கை தோட்டத்து மல்லிகையை வலையாகக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். பானெட் முழுவதும் மூடுகிற அளவு. அவர் அதை விரிக்க ஆரம்பித்தபோது எனக்கு உயிரே போய்விட்டது. வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? தங்கை தோட்டத்துப் பூ அல்லவா?

"யோவ்! யோவ்!" என்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி வந்தார் கொழுந்தன். "பானெட்ட மூடாதய்யா! எங்க மச்சான் உசுரக் குடுத்துத் தேச்சு வச்சிருக்காரு. ஓரத்துல மட்டும் சுத்து. மிச்சத்த என் வண்டியில போர்த்து!"

அப்படியே செய்தார்கள். மருமகள் பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்சீட்டில் ஏறினாள். சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. பகலெல்லாம் வெள்ளையாக மின்னிய வண்டி அந்த வெயிலுக்குப் பொன்னாக மாறிவிட்டது. முன்கண்ணாடி வழியே பார்த்தால் எனக்கு முன்னால் ஒரு தங்கத் தகடு ஓடிக்கொண்டிருந்தது.

பஸ் ஸ்டாண்டு வளைவில் பாய் தன் ஆட்களோடு கடை வாசலில் நின்றார். கையில் பிரியாணிக் கரண்டி. "மாஷா அல்லா! அண்ணே, தண்ணி பத்துமா?" என்று ரோடே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார்.

எப்போதும் இந்த மாதிரி இடத்தில் கண்ணாடியை ஏற்றிவிட்டு, நேராகப் பார்த்துக்கொண்டு, சீக்கிரம் கடந்துவிடுகிறவன் நான். கால் ஆக்சிலேட்டரைத் தேடியது.

"மாமா, மெதுவாப் போங்க மாமா," என்றாள் பின்னாலிருந்து. "எல்லாரும் பாக்கட்டும்."

முதல் கியருக்கு மாற்றினேன். பின்னால் பூப் போர்த்திய வெள்ளைக் கார் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. அடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.