அத்தான் ஒட்டிய முத்திரை

என் அக்கா ஞானாம்பிகையைக் கட்டிய அப்புத்துரை அத்தான் சந்தேகத்தைத் தாய்ப்பாலோடு குடித்தவர். பால்மாவு டின்னில் எவ்வளவு மிச்சம் என்று பென்சிலால் கோடு போட்டு வைப்பார். இரவல் வாங்கிய குடையை நான் திருப்பிக் கொடுத்தபோது, அதை விரித்துக் கம்பிகளை எண்ணிப் பார்த்தார். எனக்கு அவர்மேல் கோபம் உண்டு. அதை மறைத்து எழுத எனக்கு வராது.

புக்கிட் மெர்தாஜாம் ரயில் நிலையத்தில் முப்பத்தொரு வருடம் கிராணி, அதாவது குமாஸ்தா வேலை. அங்கே அவருக்கென்று ஒரு விதி இருந்தது: கையெழுத்து இல்லாத தாள் கள்ளத்தாள். வருடக் கடைசியில் அலமாரியைத் துழாவி, யார் வைத்ததென்று தெரியாத தாளையெல்லாம் கிழித்துப் போடுவார். ஓய்வு பெற்று டத்தோ கிராமாட் பகுதியில் தன் வீட்டில் உட்கார்ந்த பிறகு, பாவம், கிழிக்கத் தாள் இல்லை.

தொண்ணூற்றாறில் எங்கள் சங்கம் அவருக்கு ஒரு வேலை கொடுத்தது. யாழ்ப்பாணத்திலிருந்து பினாங்குக்கு வந்த குடும்பங்களின் பிறப்பு, கல்யாணம், சாவு எல்லாவற்றையும் எழுதிய பழைய பதிவேடுகள் செல்லரித்துக் கிடந்தன. அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். அத்தான் ஒரு கம்ப்யூட்டர் வாங்கி, இரண்டு விரலால் இரண்டு வருடம் தட்டினார். தொட்டாலே பொடியாகிற ஏடுகளைத் தட்டி முடித்ததும் எரித்துவிட்டார். நகல் எடுத்து வையுங்கள் என்று சொன்னால், "நகல் வெளிய போனா பேரை மாத்திடுவானுங்க லா" என்பார். ஆக, எழுபது வருடத்துச் சனம் முழுக்க அந்த ஒரே பெட்டிக்குள் இருந்தது.

பெட்டியின் முகப்பில் கீபோர்டைப் பூட்ட ஒரு குட்டிப் பூட்டு. அதன் சாவி அத்தானின் மூக்குக்கண்ணாடிக் கயிற்றில் தொங்கும். போதாததற்கு, மூடி சேரும் இடத்தில் ஒரு தாளை ஒட்டி அதன்மேல் கையெழுத்தும் போட்டிருந்தார்.

ஒரு சனிக்கிழமை காலை பெட்டி எழும்பவில்லை. சிஸ்டம் ஃபைல் ஒன்று கெட்டுவிட்டது அல்லது காணவில்லை என்று கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து. நான் போய்ச் சேர்ந்தபோது அக்கா அடுப்படியில் அழுதுகொண்டிருந்தாள்.

"தூசி தட்டுறேன்னு இவதான் என்னமோ பண்ணிட்டா," என்றார் அத்தான். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ எப்ப கடைசியா வந்த?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அந்தப் பதிவேட்டில்தான் எங்கள் அப்பா கப்பல் இறங்கிய தேதியும் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ராமதாஸுக்குப் போன் போட்டேன்.

ராமதாஸ் அக்கரையிலுள்ள பிறை ஊர்த் தொழிற்சாலையில் மெஷின் பழுது பார்ப்பவர். விடுமுறை நாளில் கம்ப்யூட்டரும் பார்ப்பார். ஞாயிறு காலை மோட்டார் சைக்கிளோடு ஃபெரி ஏறி வந்தார். அத்தான் நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு அவருடைய விரல்களையே பார்த்தார். ராமதாஸ் பிளாப்பி போட்டுப் பெட்டியைக் கிளப்பினார். முதலில் வைரஸ் தேடினார், இல்லை. பிறகு தன் வீட்டுக் கம்ப்யூட்டரின் ஃபைல் பட்டியலைத் தாளில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக ஒப்பிட்டார்.

"அண்ணே, இது கெட்டுப்போகல லா. நெறைய ஃபைல் காணோம். யாரோ அழிச்சிருக்காங்க."

"போன மாசம் நீ வந்து போனியே தம்பி?" என்றார் அத்தான்.

ராமதாஸ் கோபப்படவில்லை. ஒட்டிய தாளைக் காட்டினார். "சீல் உடையல. சாவி உங்க கழுத்துல. நான் வந்து போனப்புறமும் ஒரு மாசம் நல்லாத்தானே ஓடிச்சு?"

ராமதாஸ் தான் கொண்டு வந்த பிளாப்பிகளிலிருந்து முக்கியமான ஃபைல்களை ஏற்றினார். பெட்டி எழும்பியது. முதலில் பதிவேட்டைத் திறந்தார். எல்லாப் பேரும் அப்படியே இருந்தன. அக்கா சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். அடுத்து ராமதாஸ் திரையில் இருந்த குப்பைத்தொட்டிப் படத்தைத் திறந்தார். உள்ளே நாற்பத்தொரு ஃபைல். எல்லாம் அழித்தது வெள்ளிக்கிழமை காலை பத்தேகாலுக்கு. அந்த நேரம் அக்கா கோயிலில் இருந்தாள். வீட்டில் இருந்தது அத்தான் மட்டும்.

"அதெல்லாம் நான் வச்சதில்ல," என்றார் அத்தான். "பேரே வாயில நுழையல. யாரோ கொண்டாந்து நுழைச்சிருக்கான்னு நெனச்சேன்."

"அண்ணே, அது இருந்தாத்தான் பெட்டியே ஓடும்," என்றார் ராமதாஸ்.

அக்கா காப்பித் தட்டை மேசையில் வைத்தாள். "உங்களுக்குத் தெரியாம இருந்தா அது களவு. முப்பத்தாறு வருஷமா என்னையும் அப்படித்தானே பாக்கிறீங்க? நேத்தும் என்னத்தானே கேட்டீங்க?" சத்தம் போடாமல்தான் கேட்டாள்.

ராமதாஸ் பதிவேட்டை இரண்டு நகல் எடுத்து, ஒன்றைச் சங்கத்துக்கென்று என்னிடம் கொடுத்தார். அத்தான் தடுக்கவில்லை. கயிற்றிலிருந்து சாவியைக் கழற்றி அக்காவின் கையில் வைத்தார். அக்கா அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, நாட்காட்டி தொங்கும் ஆணியில் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி மாட்டிவிட்டாள்.

காப்பி ஆறியது. ராமதாஸ் கிளம்பிப் போனார். மத்தியானச் சாப்பாடும் முடிந்தது. இந்த மனிதர் எப்போது எழுந்து போய் அந்தச் சாவியை எடுப்பார் என்று நான் காத்திருந்தேன். அவர் அந்தப் பக்கமே திரும்பாமல் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

அக்கா என் தோளைத் தட்டினாள். "ஏன் தம்பி, நீ ஏன் அந்த ஆணியவே பாத்துக்கிட்டு இருக்க?"